மூன்று புள்ளி ஏழு

போன மாதம் எங்கள் பக்கத்துக் குப்பம் ஒன்றில் தனியார் லேப்காரர்கள் ஷாமியானா போட்டு முகாம் நடத்தினார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு இலவசமாகக் கேன்சர் ரத்தப் பரிசோதனை என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஊரில் பாதி ஆண்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எல்லோருடைய போனுக்கும் ரிப்போர்ட் வந்தது. கூட ஒரு டாக்டரும் வரவில்லை, ஒரு வார்த்தை விளக்கமும் வரவில்லை. நான்குக்குக் கீழே இருந்தால் பச்சை எழுத்து, மேலே போனால் சிவப்பு எழுத்து. அவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் காலையிலிருந்து திருப்பாலைவனத்தில் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. தேவகி என்கிற லேப் அம்மா ஓய்வு பெற்று இங்கேதான் இருக்கிறாள் என்பது பழவேற்காடு பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். முதலில் வந்தவருக்கு 4.3. சிவப்பு. மகள் அழுதுகொண்டே வந்தாள். விசாரித்தால் மனிதருக்குப் பத்து நாளாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும். அந்த நேரத்தில் இந்தப் பரிசோதனை செய்தால் எண் ஏறத்தான் செய்யும்.

"இதையெல்லாம் கேட்டாங்களா?" என்றேன்.

"இன்னாத்த கேட்டாங்க? பேரு கேட்டாங்க, போன் நம்பரு கேட்டாங்க, அவ்ளோதாம்மா" என்றார்.

நீர்க்கடுப்புக்கு மருந்து சாப்பிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள் என்று அனுப்பினேன். இரண்டாவதாக வந்தவருக்கு 2.9. பச்சை. சிரித்துக்கொண்டே வந்தார். ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு, சும்மா சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "மாத்திரையெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஒண்ணுக்குத் தாராளமா போறதுக்கு ஒண்ணு போடறேன், ரெண்டு வருசமா" என்றார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்று மதியம் என்னிடம் வேலை பழகி, இப்போது அதே ஆஸ்பத்திரி லேபைப் பார்த்துக்கொள்ளும் சரண்யா போன் செய்தாள். நடந்ததைச் சொல்லிக் கத்தினேன். "மேடம், கத்தி கத்தி பிரஷர் ஏத்திக்காதீங்க. எட்டியப்பன் கதையை எழுதி வைங்க. இங்க புதுசா வர்ற பசங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது டிப்ளமோ. சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சி, நிறம் பார்த்துச் சர்க்கரை சொன்ன காலம். படிப்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்தது ஏரிக்கரை ஊர்க்காரர்கள் வரும் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில். அதன் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. முப்பத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்தேன்.

முகாமில் பார்த்த பி.எஸ்.ஏ. என்பது ஆணின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். கேன்சர் வந்தால் கூடுதலாகக் கசியும். ஆனால் வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமி வந்தாலும் கூடும், மூத்திரக் குழாய் போட்டு எடுத்தாலும் கூடும். ஆகவே இந்த எண்ணை வைத்துக் கேன்சர் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இந்த நான்கு வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, கேன்சரு கீதா இல்லியா?" என்றுதான் கேட்டார்கள்.

ஆரம்பத்தில் எங்களிடம் இதற்கு இயந்திரம் கிடையாது. ரத்தத்தை எடுத்து அரை மணி உறைய வைத்து, சுழலியில் வேகமாகச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் பொன்னேரிக்கும் அங்கிருந்து ரயிலில் சென்னைக்கும் கொண்டுபோவேன். பஸ்ஸில் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "இன்னா யம்மா, எறாலா, நண்டா?" பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கே இயந்திரம் வந்தது. குழாயை வைத்தால் அரை மணியில் எண் வந்துவிடும். எண் சீக்கிரம் வந்ததே தவிர, அதைக் கேட்டு வாங்குகிறவர்களுக்குப் பொறுமை வரவில்லை.

ரத்தம் எடுக்கும் முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். கடந்த இரண்டு நாளில் மனைவியோடு சேர்ந்தீர்களா என்பது ஒன்று, அதுவும் எண்ணைக் கூட்டும். கேட்கிறவள் பெண். பதில் சொல்ல வேண்டியவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும், "அந்தக் கதையெல்லாம் சுனாமிக்கு முன்னாடியே முடிஞ்சிபோச்சும்மா" என்றார். ராத்திரி எத்தனை முறை எழுந்து சிறுநீர் போகிறீர்கள் என்பது இன்னொன்று. ஊரில் மற்றவர்களுக்குச் சரியான கேள்வி. ஏரியில் ராத்திரி முழுக்கப் படகிலிருந்து வலை பார்க்கிறவரிடம் கேட்டால், "தூங்கனாத்தானேம்மா எழுந்துக்கறது? படகுல எத்தினி வாட்டின்னு யாரு எண்ணிக்கினு கீறாங்க?" என்பார். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். வீட்டில் இருந்தால் மனைவி கவனித்திருப்பாள். தண்ணீரின் மேல் இருக்கிறவருக்கு இந்த நோயின் முதல் அறிகுறி தெரியாமலே போய்விடுகிறது.

எங்கள் லேபின் தலைவர் டாக்டர் வேதாசலம். காலை எட்டு நாற்பதுக்கு வருவார். கை கழுவுவார். கண்ணாடியைக் கழற்றி, மைக்ராஸ்கோப் லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளால் துடைப்பார். முந்தின நாள் இயந்திரம் சரியாக அளந்ததா என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் யாருக்கும் வணக்கம் சொல்வார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடமும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். ஒருநாளும் குரல் உயர்ந்தது கிடையாது. தப்பு கண்டால் பென்சிலால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். அந்தப் புள்ளிக்கு நாங்கள் பயந்ததுபோல் எந்தச் சத்தத்துக்கும் பயந்ததில்லை.

ஒருமுறை, அளவு தெரிந்த திரவத்தை வைத்துப் பார்த்தபோது இயந்திரம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. அன்றைய ரிப்போர்ட் ஒன்றைக்கூட அவர் வெளியே விடவில்லை. வரிசை வெளிவாசல் வரை நின்றது, நிர்வாகத்திலிருந்து போன் மேல் போன். "தப்பா அளந்ததைக் கொடுக்கறதுக்கு, கொடுக்காம இருக்கறது நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, மதியம் மூன்று மணி வரை சோதனையை மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த நாள் அது. எரிச்சல் வந்த நாட்கள் வேறு. ரிப்போர்ட்டில் எண்ணைத் தவிர ஓர் எழுத்து கூடுதலாக இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். முன்பு ஒரு டெக்னீஷியன் ஏதோ குறிப்பு எழுதப் போய், நோயாளி பயந்து, சர்ஜன் வந்து லேபில் நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து வேதாசலம் சார் சொல்வது ஒன்றுதான்: "அளக்கறது நம்ம வேலை. அர்த்தம் சொல்றது டாக்டர் வேலை. தராசு பேசக் கூடாதுங்க, தேவகி."

எட்டியப்பன் வந்தது அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோது.

அறுபதை ஒட்டிய வயது, கட்டையான உடம்பு, உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கைகள். கூட அவர் மனைவி தேசம்மா. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று அவள்தான் இழுத்து வந்திருந்தாள். சர்ஜன் பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தார். சீட்டில் 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் உண்டு. என் முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டம் நிரம்பி வந்த சீட்டுகளை ஒரு கையால் எண்ணிவிடலாம். இதுவும் காலி.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா அண்ணே?"

"ஒண்ணும் இல்லமா."

"அந்த ஒண்ணுக்கு மாத்திரைய சொல்லேன்யா" என்றாள் தேசம்மா.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். பீடிக் கட்டு, ரேஷன் கார்டு நகல், அதனோடு ஓர் அட்டை மாத்திரை. டூடாஸ்டெரைடு. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வேறெங்கோ ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்ததை, அதே அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சுரப்பியைச் சுருக்குகிற மாத்திரை அது. சில மாதம் தொடர்ந்து சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாக்கிவிடும். வருகிற எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். பரிசோதனை ரசாயனங்கள் வரும் கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் இருந்தது.

இயந்திரம் 3.7 என்றது. நான்குக்குக் கீழே. இரண்டால் பெருக்கினால் 7.4.

ரிப்போர்ட்டை அடித்து, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'நோயாளி ஒன்றரை ஆண்டாக டூடாஸ்டெரைடு எடுக்கிறார், மதிப்பை இருமடங்காகக் கொள்ளவும்.' கையெழுத்துக்குப் போன தாள் திரும்பி வந்தது. பக்கத்தில் புள்ளி இல்லை. அந்த வரியின் மேல் நெடுக ஒரு பென்சில் கோடு.

உள்ளே போனேன். "சார், மாத்திரை அட்டையை நான் கண்ணால பார்த்தேன் சார்."

"பார்த்திருப்பீங்க. அதை டாக்டர் கேட்டுக்குவார்."

"சீட்டில எழுதலையே சார்."

"எழுதலைன்னா கேட்கலைன்னு அர்த்தமா? நாம போய் அவருக்குப் பாடம் எடுக்க முடியாதுங்க. எண்ணை மட்டும் கொடுங்க."

எண்ணை மட்டும் கொடுத்தேன். கோடு போட்ட தாளை ஃபைலில் வைத்தேன். சர்ஜனிடம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் அறை ஒரு மாடி கீழே இருந்தது. அன்று கூட்டம். பிறகு சாப்பாட்டு நேரம். பிறகு ரத்தம் ஏற்ற வேண்டிய அவசரக் கேஸ் ஒன்று. மறந்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. நினைத்துக்கொண்டே போகாமல் இருந்தேன்.

நாலு மணிக்கு எட்டியப்பனே லேப் ஜன்னலில் முகத்தைக் காட்டினார். "யம்மா, பாஸு! ஒண்ணும் இல்லியாம். அதே மாத்திரய போடச் சொல்லிட்டாரு."

"விரல் விட்டுப் பார்த்தாரா?"

"பாக்கணும்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். அதான் நல்ல ரிப்போட்டு வந்துச்சே, அந்தக் கர்மம் எதுக்கு? நாளைக்கு எங்க பாடு. நா போணும்."

ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களை ஊர் முறைவைத்துத்தான் கொடுக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளைத் தவறவிட்டால் மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் இருந்தார். நான் சிரித்து, போய் வாங்க என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

ஏறக்குறைய மூன்று வருஷம் அவரைப் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் பக்கவாட்டில் திரும்பி, இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறக்கினார். தேசம்மாவைப் பார்த்த பிறகுதான் அது எட்டியப்பன் என்று தெரிந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. எட்டு மாதமாக முதுகு வலி. வலை இழுத்து வந்த வலி என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள், எங்கெங்கோ ஊசி போட்டிருக்கிறார்கள், இடுப்புக்கு பெல்ட் கட்டியிருக்கிறார்கள். அன்று வந்ததும் சர்க்கரை பார்த்துக்கொண்டு போகத்தான்.

"இன்னும் அந்த மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"வுடறதே இல்லமா."

இந்த முறை மாடிப்படி இறங்கினேன். அன்று சீட்டு எழுதிய அதே சர்ஜன்தான். வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி, பி.எஸ்.ஏ.வுக்குச் சீட்டு எழுதி வாங்கி வந்தேன். இயந்திரம் எண்ணே காட்டவில்லை. 'நூறுக்கு மேல்' என்று மட்டும் சொன்னது. அதற்கு மேல் அதனால் அளக்க முடியாது. பல இடங்களில் அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வேதாசலம் சார் விடமாட்டார். நூறுக்கு மேல் என்றால் நூற்றி ஒன்றா, ஆயிரமா? வைத்தியம் தொடங்கிய பின் குறைகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதனால் மஞ்சள் நீரில் ஒரு பங்கும் கரைப்பானில் ஒன்பது பங்கும் சேர்த்து, குமிழி வராமல் மெதுவாகக் கலக்கி, மறுபடி ஓட்டினேன். 18.6. பத்தால் பெருக்கினால் 186, மாத்திரைக் கணக்கைச் சேர்க்காமலே. குழாய் மாறிவிட்டதோ என்ற நப்பாசையில் அவரை மறுபடி உட்காரவைத்துப் புது ரத்தம் எடுத்தேன். அதே எண்.

எந்த அளவுக்குப் பரவியிருக்கும் என்று ஊகிக்கவும் இந்த எண் உதவும். நூறைத் தாண்டி, முதுகிலும் வலி என்றால், எலும்புக்குப் போயிருக்கும் என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே யாரும் சந்தேகப்படுவார்கள்.

புது ரிப்போர்ட்டையும் கோடு போட்ட பழைய தாளையும் சேர்த்து வேதாசலம் சார் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார். பழைய தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"கோடு போட்டது நான்தான்" என்றார்.

"நானும் போய்ச் சொல்லியிருக்கலாம் சார்."

அவர் எழுந்து வெளியே போனார். அத்தனை வருஷத்தில் வெளிநோயாளிகள் பிரிவுக்கு அவர் போய் நான் பார்த்ததில்லை. அன்று சர்ஜன் அறை வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக நின்று, அவர் கூப்பிட்ட பிறகு உள்ளே போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தார். 'புராஸ்டேட் மாத்திரை எடுக்கிறாரா? ஆம் / இல்லை. எவ்வளவு காலமாக?' ஒவ்வொரு பி.எஸ்.ஏ. சீட்டிலும் அது விழ வேண்டும், பதில் இல்லாத சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் சீட்டே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். அதில் இந்தக் கேள்விக்கு இடம் வைக்கச் சொல்லி சரண்யா எழுதாத கடிதம் இல்லை. அடுத்த அப்டேட்டில் வரும் என்கிறார்களாம்.

அந்த 186 வந்த அன்று சாரிடம் இன்னொன்றும் கேட்டேன். "எட்டியப்பன்கிட்ட நடந்ததைச் சொல்லணும் சார்."

"சொல்லி என்ன ஆகப் போகுது? அவருக்கு இப்ப நம்பிக்கை வேணும். நம்ம மனசு லேசாகறதுக்காக அவர் மனசுல பாரம் ஏத்தக் கூடாதுங்க."

அது நியாயம் போலவும் இருந்தது, வசதி போலவும் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

சென்னையில் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர்தான், வேகமான ரகம். எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பில் நான்கு இடம், இடுப்பில் இரண்டு. முழுக்கக் குணமாக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் ஊசிக்குப் பிறகு 186 என்பது 22 ஆனது. இரண்டாவதுக்குப் பிறகு 0.9. வலி விட்டது. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படகேறிவிட்டார்.

மூன்றாவது ஊசிக்கு ஆள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறினேன். தேசம்மா வீட்டு வாசலில் இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் ஒண்ணுக்கும் கீழ எறங்கிடுச்சேமா. நார்மலுன்னு போட்டுக் கீதே" என்று உள்ளே போய் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என்னிடமே காட்டினாள். நான் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்.

"அது ஊசியால இறங்கினது தேசம்மா. ஊசியை நிறுத்தினா மறுபடி ஏறும்."

"அப்ப நோவு போவலியா?"

"போகாது. அடங்கியிருக்கு."

"இத்த யாரும் சொல்லலியேமா" என்றாள். அவள் கையில் பாதி உரித்த இறால். "நார்மலு, நார்மலுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க."

நான் கோபத்தோடுதான் போயிருந்தேன். இந்த ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது என்று பஸ்ஸில் வழி முழுக்கப் பொருமிக்கொண்டே போனேன். அவள் சொன்னதைக் கேட்டபின் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எட்டியப்பனுக்கு அடுத்த நாள் பாடு. அதை முடித்துவிட்டு, சொன்னபடி மறுநாள் வந்து ஊசி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு தவணைகூடத் தவறவில்லை.

அவர் போன வருஷம் இறந்துபோனார். நோய் தெரிந்த பிறகு நான்கு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். கடைசி ஆறு மாதம் தவிர மற்ற நாளெல்லாம் ஏரிக்குப் போனார்.

அவரிடம் நான் சொன்னது, என் வேலையின் கடைசி வாரத்தில். வேதாசலம் சார் அதற்கு முந்தின வருஷமே ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். எட்டியப்பன் மூன்று மாதச் சோதனைக்கு வந்திருந்தார். தேசம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். ரத்தம் எடுக்க அவர் கையில் பட்டை கட்டப் போனவள் கட்டாமல் உட்கார்ந்தேன்.

"அண்ணே, மொதல்ல ரத்தம் குடுத்தப்போ மூணு புள்ளி ஏழுன்னு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"பாஸுன்னாங்களே, அதா?"

"அது பாஸ் இல்ல. நீங்க சாப்பிட்ட மாத்திரையால பாதியாத் தெரிஞ்சது. உண்மையான நம்பர் ஏழுக்கு மேல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். "டாக்டருக்கு?"

"அவருக்குத் தெரியாது. நான் எழுதினேன், மேல இருந்தவர் அடிச்சிட்டாரு. ஆனா நான் கீழ போய் வாயால சொல்லியிருக்கலாம். சொல்லல."

"அப்பவே தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?"

"சதை எடுத்துப் பார்த்திருப்பாங்க. எலும்புக்குப் போறதுக்கு முன்னாடி புடிச்சிருக்கலாம். கண்டிப்பான்னு சொல்ல முடியாது. புடிச்சிருக்கலாம்."

அவர் வெடித்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தார். அத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததை வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"சொன்னாலும் நீங்க வந்திருப்பீங்களோ என்னமோ. பாடு, கீடுன்னு..."

"வந்திருப்பேன்மா" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"நீ கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்."

அவரே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார். பட்டை கட்டி, நரம்பு பார்த்து, ரத்தம் எடுத்தேன். பஞ்சை வைத்து மடக்கிக்கொண்டவர், "எப்போ வரும்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். "குந்திக்கினு இருக்கேன். நீயே வந்து சொல்லு" என்று வெளியே போய்த் தேசம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

எண் 2.6. முந்தின முறை 1.1. ஊசி போட்டும் ஏறத் தொடங்கியிருந்தது. தாளைக் கையெழுத்துக்கு அனுப்பி வாங்கிக்கொண்டு, பெஞ்சுக்குப் போய் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இது என்ன எண், போன முறை என்ன, ஏன் ஏறுகிறது, ஊசியோடு இனி என்ன மாத்திரை சேர்ப்பார்கள், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேசம்மா இரண்டு முறை அழுதாள், நாலைந்து கேள்வி கேட்டாள். எட்டியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். லேப் ஜன்னலில் வரிசை நீண்டு, ஆட்கள் என்னைப் பேர் சொல்லித் திட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.